மார்க் போட்டு உதவி: வினாத்தாள் யாருடையது?



உதவி என்ற சொல்லுக்கு வாஷிங்டனில் ஒரு புது அகராதி எழுதி வைத்திருக்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதைத்தான் நாம் உதவி என்போம். அவர்களோ பசித்தவனை வரிசையில் நிறுத்தி, பரீட்சை எழுத வைத்து, பாஸானவனுக்கு மட்டும் தட்டை நீட்டுவதை உதவி என்கிறார்கள். ஃபெயிலானவன் அடுத்த வருடம் வந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான்!

'திண்டுக்கல்லில் பூட்டும் தோலும் விற்றுப் பிழைக்கிற நமக்கும், அமெரிக்கா எந்த நாட்டுக்கு டாலர் கொடுக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அந்த மார்க் புத்தி வாஷிங்டனோடு நிற்கவில்லை. டெல்லியில் இருக்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், நம் மஹல்லாவுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. கடைசியில் அங்கே வருகிறேன். முதலில் அதன் தலைமையகத்தைப் பார்த்துவிடுவோம்.

பாதிப்பேர் தோற்றே ஆக வேண்டிய பரீட்சை

2003 மார்ச்சில் பேரழிவு ஆயுதம் என்ற பொய்யைச் சொல்லி இராக் மீது குண்டு மழை பொழிந்த ஜார்ஜ் புஷ், ஒரு வருடம் முடிவதற்குள், 2004 ஜனவரியில், ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் என்பது அதன் பெயர். இலங்கைப் பத்திரிகைகளில் எம்.சி.சி. என்று படித்திருப்பீர்கள்.

இந்த நிறுவனம் ஒவ்வொரு ஏழை நாட்டுக்கும் ஆண்டுதோறும் மார்க் பட்டியல் போடுகிறது. தொடக்கத்தில் 16 பாடங்கள், பிறகு 20 ஆக்கினார்கள். நீதியான ஆட்சி, மக்களுக்காகச் செய்யும் செலவு, பொருளாதாரச் சுதந்திரம் என்று மூன்று தலைப்புகளில் அவை அடங்கும். 20இல் பாதியிலாவது தேற வேண்டும். ஊழல் ஒழிப்புப் பாடத்தில் கட்டாயம் தேற வேண்டும். அரசியல் உரிமை, குடிமை உரிமை இரண்டில் ஒன்றிலாவது தேற வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

சூட்சுமம் தேர்ச்சி விதியில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு 35 எடுத்தால் பாஸ். வகுப்பில் எல்லோரும் 35 எடுத்தால் எல்லோரும் பாஸ். எம்.சி.சி. பரீட்சையின் பெரும்பாலான பாடங்களில் அப்படி இல்லை. ஒரே வருமானப் பிரிவிலுள்ள நாடுகளை மார்க் வாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு மேலிருப்பவர் பாஸ், கீழிருப்பவர் ஃபெயில். எல்லா நாடுகளுமே சென்ற வருடத்தைவிட நன்றாகப் படித்திருந்தாலும் பாதிப்பேர் தோற்றே ஆக வேண்டும். ஒரு நாடு உழைத்து முன்னேறியும், பக்கத்து நாடு கொஞ்சம் கூடுதலாக முன்னேறிவிட்டால் முன்னது ஃபெயில்! ஏழைகளை ஒருவரோடு ஒருவர் முட்ட விட்டு வேடிக்கை பார்ப்பதற்கு இதைவிடத் தோதான விதி வேறு உண்டா?

வினாத்தாளைத் தயாரித்தது யார் என்பதையும் பாருங்கள். அரசியல் உரிமைக்கு மார்க் போடுவது ஃப்ரீடம் ஹவுஸ். நீண்ட காலம் அதன் வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் பணம். வணிகக் கொள்கைக்கு மார்க் போடுவது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரிக் கூடாரம். இன்னும் பல பாடங்களுக்கு உலக வங்கியின் புள்ளிகள். மூன்றுக்கும் தலைமையகம் வாஷிங்டன். வினாத்தாள் தயாரிப்பவர், விடைத்தாள் திருத்துபவர், பரிசு கொடுப்பவர் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். பரீட்சை எழுதுகிறவன் மட்டும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கிறான்.

இலங்கை எப்படிப் பாஸானது?

நம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2004இல் எம்.சி.சி. முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 16 நாடுகளில் இலங்கையும் ஒன்று. உள்நாட்டுப் போரின் காரணமாக அது நடக்காமல் போக, 2016 டிசம்பரில் இலங்கையை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். கொழும்பின் சாலைகளுக்கும் காணிப் பதிவுகளுக்குமாக 48 கோடி டாலர் திட்டம் தயாரானது.

திட்டம் தயாராகிக்கொண்டிருந்த 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனயில் என்ன நடந்தது? பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. நம் சகோதரர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கமே நாடு முழுவதும் அவசரநிலை பிரகடனம் செய்கிற அளவுக்குக் கலவரம் போனது. அதற்கு நான்கு வருடம் முன்பு, 2014 ஜூனில், அளுத்கமயிலும் பேருவளையிலும் இதே கொடுமை. இவ்வளவும் நடந்த நாட்டுக்கு 2019 ஏப்ரலில் எம்.சி.சி. நிர்வாகக் குழு 48 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது! அடுத்த மாதமே குருணாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் மீண்டும் முஸ்லிம் கடைகள் கொளுத்தப்பட்டன. ஒப்புதல் அப்படியே இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வைத்துப் பச்சைப் படுகொலை செய்த கயவர்களை நாம் ஆதரிக்கவில்லை. மார்க்கம் அவர்களை ஆதரிக்காது. ஆனால் அந்தக் கயவர்களோடு எந்தத் தொடர்புமில்லாத கடைக்காரனின் வாழ்நாள் சம்பாத்தியத்தை எரித்தது எந்த 'நீதியான ஆட்சி'யின் பாடத்தில் வரும்?

பிறகு வந்தது 2020. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவு போட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் கேட்கவில்லை. நம் ஜனாஸாக்களைப் பறித்துக்கொண்டு போய் நெருப்பில் போட்டார்கள். பிறந்து 20 நாளே ஆன பச்சிளங்குழந்தையை 2020 டிசம்பரில் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அதே டிசம்பரில்தான் எம்.சி.சி. இலங்கைக்கான 48 கோடி டாலரை ரத்து செய்தது.

'ஆஹா, ஜனாஸாவை எரித்ததற்காக ரத்து செய்துவிட்டார்கள்!' என்று அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் கொழும்பு இழுத்தடித்தது. சிங்களப் பேரினவாதிகள் 'காணியை அமெரிக்காக்காரன் கொண்டு போய்விடுவான்' என்று கூச்சலிட்டார்கள். கோத்தபய அரசு நியமித்த குழுவும் கையெழுத்திட வேண்டாம் என்றது. பங்காளி நாடு ஒத்துழைக்கவில்லை என்பதுதான் அமெரிக்கா சொன்ன காரணம். எரிந்த கடைகளும் எரிந்த ஜனாஸாக்களும் அந்தக் காரணத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. 2021 பிப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்ததுகூட, ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் முஸ்லிம் நாடுகளின் ஓட்டு இலங்கைக்குத் தேவைப்பட்ட நேரத்தில்தான்.

20 பாடங்களில் எந்தப் பாடத்தில் திகன வரும்? சிறுபான்மையினரின் உயிருக்கும் உடைமைக்கும் அந்த மார்க் பட்டியலில் தனி வரி கிடையாது. வரி இல்லாததற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத துயரம் அவர்கள் கண்ணில் படாது.

மாலிக்கு ஒரு நீதி, எகிப்துக்கு ஒரு நீதி

2012 மார்ச்சில் மாலியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. உடனே 46 கோடி டாலர் எம்.சி.சி. திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது. ஆட்சியைப் பிடித்தது சிப்பாய். தண்டனை நீர்ப்பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிக்கு. சரி, ராணுவப் புரட்சி என்றால் உதவி கிடையாது என்பது கொள்கை என்றே வைத்துக்கொள்வோம்.

2013 ஜூலையில் எகிப்தில், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் முர்ஸியை ராணுவம் தூக்கியெறிந்து சிறையில் அடைத்தது. அதைப் 'புரட்சி' என்று வாயால் சொல்லவே அமெரிக்கா மறுத்தது. சொன்னால் உதவியை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. எகிப்து ராணுவத்துக்குப் போகும் ஆண்டுக்கு 130 கோடி டாலரில் சிலவற்றைச் சில காலம் நிறுத்தி வைத்துப் பாவனை காட்டினார்கள். 2015இல் எல்லாம் பழையபடி.

பலஸ்தீனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2006 ஜனவரியில் அந்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் நியாயமாக நடந்தது என்று நேரில் பார்த்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே சொன்னார். 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் பிடித்தது. ஜனநாயகம் என்ற பாடத்தில் நூற்றுக்கு நூறு! ஆனால் கிடைத்த பரிசு என்ன? அமெரிக்காவும் ஐரோப்பாவும் பலஸ்தீன அரசுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தின. ஆசிரியரும் மருத்துவரும் தாதியருமாக ஒன்றரை லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் முடங்கியது. பாஸாகிவிட்டான் என்று தெரிந்ததும் வினாத்தாளையே மாற்றிய பரீட்சை அது.

இனி இஸ்ரேல். 2016 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2019 முதல் 2028 வரை பத்து ஆண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. அதற்கு எத்தனை பாடங்கள், எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்? அதற்குப் பரீட்சையே கிடையாது, சகோதரர்களே! 'ராணுவ உதவி வேறு, வளர்ச்சி உதவி வேறு' என்று படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். உண்மைதான், வேறுதான். குண்டு வாங்கப் பணம் கேட்பவனுக்குப் பரீட்சை இல்லை, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பணம் கேட்பவனுக்குத்தான் பரீட்சை என்பதைத்தான் நாமும் சொல்கிறோம்.

திண்டுக்கல்லை அளந்தது யார்?

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 'தொழில் செய்ய எளிதான நாடு எது?' என்று உலக வங்கி வருடாவருடம் ஒரு தரவரிசை வெளியிட்டு வந்தது. எம்.சி.சி.யும் தன் பாடங்களில் ஒன்றுக்கு அதிலிருந்துதான் மார்க் எடுத்தது. அந்த வரிசையில் 2014இல் 142ஆம் இடத்திலிருந்த இந்தியா, 2019இல் 63ஆம் இடத்துக்குப் பாய்ந்தது. மேடைக்கு மேடை மார்தட்டினார்கள்.

இந்தப் பாய்ச்சலிலேயே பெரிய பாய்ச்சல், 130இலிருந்து 100க்கு. அது அறிவிக்கப்பட்ட நாள் 2017 அக்டோபர் 31. அதற்குச் சரியாக ஒரு வருடத்துக்குள் என்ன நடந்தது என்பதை உங்கள் கல்லாப்பெட்டியைக் கேளுங்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த பூட்டுப் பட்டறைக்காரரும் தோல் பதனிடுபவரும் வங்கி வாசலில் கால்கடுக்க நின்றார்கள். அந்த அடியிலிருந்து எழுவதற்குள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. நாகல்நகரில் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்த நாட்களில், 'தொழில் செய்வது எளிதாகிவிட்டது' என்று வாஷிங்டனில் மார்க் போட்டார்கள்!

எப்படி இது நடக்கும்? இந்தியா முழுமைக்கும் அவர்கள் அளந்தது மும்பை, டெல்லி என்ற 2 நகரங்களை மட்டும். திண்டுக்கல்லும் வத்தலக்குண்டும் ஒட்டன்சத்திரமும் அவர்கள் இந்தியாவில் இல்லை.

இந்தத் தரவரிசையின் முடிவையும் கேளுங்கள். சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் புள்ளிகளில் முறைகேடு நடந்தது அம்பலமாகி, 2021 செப்டம்பரில் உலக வங்கியே அதற்கு மூடுவிழா நடத்தியது. சவூதியின் பெயரை மறைக்காமல் எழுதுகிறேன். நம்மவர் என்பதற்காகப் பொய்க் கணக்கு மெய்க் கணக்காகிவிடாது. பிறருக்கு ஊழல் மார்க் போட்டுக்கொண்டிருந்த நிறுவனத்தின் சொந்த விடைத்தாளிலேயே காப்பி!

அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. ஜயர் நாட்டு முபுட்டு பல ஆண்டுகள் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையாக இருந்து, வந்த பணத்தை வாரிச் சுருட்டினான். அவன் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டச் சொல்கிறோமா? இல்லை. யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில்தான் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது பைத்துல்மாலுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் அதைச் சும்மா விடவில்லை. மிம்பரில் ஏறி, எல்லோரும் கேட்கும்படி, இந்தப் பதவி இல்லாமல் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கண்டித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. கணக்கு எவ்வளவு கடுமையாகக் கேட்கப்பட்டது, பார்த்தீர்களா? கேட்கப்பட்டவர் பணத்தைக் கையில் பிடித்தவர். ஜகாத் பெறப்போகும் ஏழை அல்ல.

தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறுவோரை எட்டு வகையாகப் பிரிக்கிறது. முதலில் வருபவர்கள் ஏழைகளும் வறியவர்களும். கடனாளியும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. 'நன்றாகத் தேறிய ஏழை' என்று ஒன்பதாவது வகை அங்கே இல்லை! உமர் (ரலி) காலத்தில் ஹிஜ்ரி 18இல் பெரும் பஞ்சம் வந்தபோது சிரியாவிலிருந்து உணவு வரவழைத்து அரபுக் கிராமத்தாருக்கு வழங்கினார்கள். எந்தக் கோத்திரம் சிறப்பாக நிர்வகிக்கப்படுகிறது என்று பட்டியல் போடவில்லை. பஞ்சம் தீரும்வரை நெய்யைத் தொடாமல் தன்னைத்தான் கட்டுப்படுத்திக்கொண்டார்கள் அந்த கலீஃபா.

டெல்லியின் 90 மாவட்டங்கள்

2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வந்தது. இந்திய முஸ்லிமின் நிலையை அரசாங்கத்தின் கணக்கே அம்பலப்படுத்தியது. தொடர்ந்து 2008-09இல் சிறுபான்மையினர் செறிந்து வாழும் 90 மாவட்டங்களுக்குத் தனித் திட்டம் தொடங்கினார்கள். எழுத்தறிவு, பெண் எழுத்தறிவு, வேலைக்குப் போவோர், சுவர் உள்ள வீடு, குடிநீர், மின்சாரம், கழிவறை என்று குறியீடுகள் வைத்துத் தேசிய சராசரியோடு ஒப்பிட்டார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு 21 மாவட்டங்கள், அஸ்ஸாமுக்கு 13, மேற்கு வங்கத்துக்கு 12. அந்தச் சகோதரர்களின் நிலை நம்மைவிட மோசம். அவர்களுக்கு முதலில் போனதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை!

காரணம் எளிது. மாவட்ட மக்கள்தொகையில் சிறுபான்மையினர் ஏறக்குறைய கால்வாசியாவது இருக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 5 சதவீதம்தான். அதோடு தமிழ்நாட்டின் சராசரி தேசிய சராசரியைவிட மேல். ஒரு ஸஹனில் உட்கார்ந்த நான்கு பேரில் மூவர் வயிறு முட்டச் சாப்பிட்டு, ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தால், சராசரிக் கணக்கில் நால்வருக்கும் முக்கால் வயிறு நிறைந்துவிடும். பேகம்பூர் சந்துக்குள் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீடு மாவட்டச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறது. மாவட்டத்தை அலகாக வைத்ததால், தேர்வான மாவட்டங்களிலும் பணம் நம் மக்கள் இல்லாத பகுதிகளுக்குப் போனது என்ற புகார் எழுந்தது. 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வட்டாரத்தை அலகாக மாற்றினார்கள். அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. சிறுபான்மை மாணவருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2008இல் வந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சரி. முந்தைய வருடப் பரீட்சையில் 50 சதவீத மார்க்கும் எடுத்திருக்க வேண்டுமாம்! கல்வியில் பின்தங்கியவர்கள் என்பதற்காகக் கொடுக்கும் உதவி. அதைப் பெறக் கல்வியில் பின்தங்காதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022இல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு அதையும் நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் நிதியும் நின்றது. அதற்கு எந்தப் பரீட்சையில் நாம் தோற்றோம்?

நம் வீட்டு விண்ணப்பப் படிவம்

இப்போது நம் பக்கம் திரும்புவோம். அமெரிக்காவையும் டெல்லியையும் திட்டுவது சுலபம், அதற்குக் கைதட்டலும் கிடைக்கும்.

நம் அறக்கட்டளைகள் சிலவற்றின் கல்வி உதவிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். '80 சதவீதத்துக்கு மேல் பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பணம் எங்கிருந்து வந்தது? ஜகாத். 80 வாங்கிய பிள்ளைக்குப் பரிசு கொடுக்க ஆசையா? தாராளமாகக் கொடுங்கள், உங்கள் ஸதகாவிலிருந்து கொடுங்கள், விழா எடுத்துச் சால்வையும் போடுங்கள். ஜகாத் பரிசுப் பணம் அல்ல. தேவைப்பட்டவனின் உரிமைப் பணம். 42 வாங்கிய பையனுக்கு யார் இருக்கிறார்கள்? தகப்பன் இல்லாத வீட்டில், ராத்திரி பரோட்டாக் கடையில் தட்டுக் கழுவிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் போகிறவன் 42 வாங்குவதே பெரிய காரியம். அந்த 42க்காக நாம் கையை விரித்தால், அடுத்த ஜூனில் அவன் பள்ளிக்கூடத்தில் இருக்க மாட்டான், கடையில் முழுநேரமும் இருப்பான். அதன் பிறகு 'சமுதாயத்தில் படிப்பு இல்லையே' என்று நாமே மேடையில் அழுவோம்.

வியாபாரிகளே, படிவம் தயாரிக்கும் குழுக்களில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். இளைஞர்களே, அந்தப் படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோவது நீங்கள்தான். ரமலானுக்கான படிவங்கள் ஷஅபானிலேயே அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன்பு உங்கள் மஹல்லா பைத்துல்மால் கூட்டத்துக்குப் போங்கள். 'பெற்ற மதிப்பெண்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'வீட்டில் சம்பாதிப்பவர் எத்தனை பேர், கடன் எவ்வளவு' என்ற கட்டத்தைப் போடச் சொல்லுங்கள். சென்ற வருட வரவு செலவு பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட்டதா என்பதையும் அதே கூட்டத்தில் நிர்வாகிகளிடம் கேளுங்கள்.